மழைக்கு முன் புல்தரைக்கு என்ன செய்வது: ரை விதையா, அருகு நடவா, மணலா?

புரட்டாசி கடைசி வாரத்தில் கடலூரிலிருந்து மாமா போன் செய்தார். மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். தேவனாம்பட்டினம் போகும் வழியில் வீடு, முன்பக்கம் 800 சதுர அடிக்குப் புல்தரை. டல்லாஸில் இருக்கும் அக்கா மகன் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான். அங்கே அக்டோபர் வந்ததும் புல்லை ஒட்ட வெட்டி, மேலே ரை புல் விதையைத் தூவுகிறார்கள். டிசம்பரில் தெருவே வைக்கோல் நிறத்தில் கிடக்கும்போது தூவிய வீடு மட்டும் பச்சைப் பசேலென்று இருக்கிறது.

"நாமளும் தூவிடலாமாம்மா? ஆன்லைன்ல கிலோ கணக்குல கிடைக்குது. நீதான் புதுச்சேரி லாஸ்பேட்டையில பதினாலு வருஷமா புல்லோட மல்லுக்கட்டுற. நீ சொல்லு."

"இப்ப வாங்காதீங்க மாமா. ரெண்டு நாள் குடுங்க, எழுதி அனுப்புறேன்" என்றேன். அவருக்கு எழுதியதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன். கடலூர், புதுச்சேரிப் பக்கம் வீட்டு முன்னால் புல் வைத்திருக்கும் எல்லாருக்கும் ஐப்பசி நெருங்கும்போது இதே கேள்விதான் வருகிறது. மழைக்கு முன்னால் எதையாவது செய்ய வேண்டும் என்று கை பரபரக்கும். எதைச் செய்வது என்பதுதான் குழப்பம்.

அங்கே ஏன் தூவுகிறார்கள்

டல்லாஸ் வீட்டில் இருப்பதும் நம் வீட்டில் இருப்பதும் ஒரே புல்தான். நாம் அருகம்புல் என்கிறோம், அவர்கள் பெர்முடா என்கிறார்கள். பிள்ளையாருக்கு வைக்கிற அதே அருகு. இது வெயில் புல். மண்ணின் சூடு 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் வளர்வதை நிறுத்திவிடும். மேல் இலையைக் காயவிட்டு, உயிரைத் தண்டிலும் வேரிலும் வைத்துக்கொண்டு வெயிலுக்காகக் காத்திருக்கும். டெக்சாஸில் இப்படிச் சில மாதங்கள் கிடக்கும். அந்தச் சில மாதத்துக்குப் போர்த்துகிற பச்சைப் போர்வைதான் ரை. அது குளிர்ப் புல். ஏப்ரல் மாதம் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியை டிவியில் பார்த்தவர்களுக்கு அகஸ்டா மைதானத்தின் அந்தப் பச்சை நினைவிருக்கும். அடியில் பெர்முடா, மேலே தூவி வளர்த்த ரை. அங்கே அது காரணம் உள்ள, நன்றாகத் தேறிய முறை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். புதுச்சேரியில் ஜனவரி நடு இரவில்கூட 20, 21 டிகிரிதான். பகலில் 28, 29. மண் அதைவிட ஒன்றும் பெரிதாகக் குளிர்ந்துவிடாது. அருகு இங்கே தூங்குவதே இல்லை. தூங்காத புல்லுக்கு எதற்குப் போர்வை?

"ஆனா மார்கழியில எங்க புல்லும்தான் வெளுத்துப் போவுது" என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி. வெளுக்கத்தான் செய்கிறது. ஆனால் காரணம் குளிர் இல்லை, தண்ணீர். புதுச்சேரியில் ஆண்டுக்குச் சுமார் 1,300 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்ற மூன்றே மாதத்தில் கொட்டித் தீர்க்கிறது. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று சும்மாவா சொன்னார்கள். அத்தனை மழையில் மண்ணில் இருக்கிற தழைச்சத்து கரைந்து இறங்கிவிடும். வாரக்கணக்கில் மேகமூட்டம் இருக்கும். நாளுக்கு 6 மணி நேர வெயிலுக்குப் பழகிய அருகுக்கு இரண்டு மணி நேரம்கூடக் கிடைக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, வேருக்கு மூச்சு முட்டும்.

இந்தக் கடைசி விஷயத்தை நான் கண்ணால் பார்த்தேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. எங்கள் புல்தரையில் கேட்டுக்குப் பக்கத்து மூலை கொஞ்சம் பள்ளம். மற்ற இடமெல்லாம் மறுநாள் வடிந்துவிட்டது, அந்த மூலையில் மட்டும் தண்ணீர் நான்கு நாள் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் மேலே புல் பச்சையாகத்தான் இருந்தது. ஒரு வாரம் கழித்து மஞ்சளானது. ஒரு பிடி பிடித்து இழுத்தேன். பாய் சுருளுவதுபோல் அப்படியே கையோடு வந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாக, விரலால் உருவினால் தோல் கழன்று நடுவில் ஒரு நூல் மட்டும் மிஞ்சியது. அடியில் ஒரு விரல் ஆழத்தில் மண் கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றம். காற்றுப் போகாத மண்ணின் நாற்றம் அது. அந்த மூலையில் எந்த விதையைத் தூவியிருந்தாலும் அதே கதிதான்.

நம் புல்தரைக்கு முன்னேற்பாடு வேண்டியது மழைக்குத்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால், கையில் இருக்கிற வழிகளில் எது நமக்கு, எது நமக்கு இல்லை என்பது தானாகப் பிரியும்.

ரை விதை: நான் தூவிப் பார்த்த கதை

சும்மா தியரி பேசவில்லை. இரண்டு தடவை தூவிப் பார்த்திருக்கிறேன். இரண்டுமே பின்பக்கம், 100 சதுர அடிக்குள்.

முதல் தடவை ஐப்பசி. அமெரிக்கக் கணக்குப்படி 1,000 சதுர அடிக்கு இரண்டு முதல் நாலரைக் கிலோ விதை. நான் 100 சதுர அடிக்கு அரைக் கிலோ தூவினேன். கொஞ்சம் அதிகம்தான். ஐந்தாம் நாளே முளைத்தது. பார்க்க அவ்வளவு அழகு! அருகின் மங்கலான பச்சை இல்லை, எண்ணெய் தடவியதுபோல் மினுமினுக்கும் இளம்பச்சை. எட்டாம் நாளிலிருந்து அடைமழை. பத்தாம் நாள் காலையில் போய்ப் பார்த்தபோது வட்ட வட்டமாகப் புல் சாய்ந்து கிடந்தது. கிட்டே குனிந்து பார்த்தால் சிலந்தி வலைபோல் வெள்ளை நூல். தொட்டால் வழவழவென்று கையில் ஒட்டியது. இரண்டே நாளில் அத்தனையும் தரையோடு போய்விட்டது.

மிளகாய், கத்தரி நாற்று விட்டவர்களுக்கு இது புதிதில்லை. நாற்றங்காலில் திடீரென்று நாற்று சாய்ந்து விழுமே, நாற்றழுகல், அதைச் செய்கிற பித்தியம் என்ற பூஞ்சை போன்ற கிருமிதான் ரை புல்லையும் சாய்க்கிறது. அதற்குப் பிடித்தது பகலில் 30 டிகிரிச் சூடு, இரவில் 20-க்கு மேல், இலை காயாத ஈரம், நெருக்கமான இளம் செடி. நம் ஐப்பசி, கார்த்திகை அதற்கென்றே செய்ததுபோல் இருக்கும்.

இரண்டாம் தடவை கொஞ்சம் யோசித்து, மழை ஓய்ந்த பிறகு மார்கழி நடுவில் தூவினேன். இந்தத் தடவை பிழைத்தது. தை மாதம் முழுக்க நன்றாக இருந்தது. பொங்கலுக்கு வந்தவர்கள் எல்லாரும் என்ன புல் என்று கேட்டார்கள். மாசியில் நுனி காய ஆரம்பித்தது. பங்குனியில் மொத்தமும் வைக்கோல். ரை நன்றாக வளர்வது 15 முதல் 24 டிகிரி வரை. நம் ஊரின் மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரியே அதைத் தாண்டித்தான் இருக்கிறது. அப்புறம் அது எப்படி நிற்கும்?

போனது போகட்டும் என்று விட முடியவில்லை. அடியில் இருந்த அருகை இந்த ரை இரண்டு மாதம் நிழலில் போட்டுவிட்டது. மற்ற இடத்தில் அருகு தை வெயிலுக்குக் கிளம்பி ஓட ஆரம்பித்தபோது, இந்த 100 சதுர அடியில் மட்டும் மொட்டைத் திட்டு. அது மூடச் சித்திரை ஆனது. அங்கே இரண்டு புல்லும் முறை வைத்து மாறி மாறி வளர்கின்றன. இங்கே இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பசி, ஒரே இடத்தில் சண்டை.

பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ ஆறு வாரம் மட்டும் வாசல் பளிச்சென்று இருந்தால் போதும், பிறகு எப்படிப் போனாலும் பரவாயில்லை என்பவர்கள் மார்கழி நடுவில் ஒரு சின்னத் துண்டில் தூவலாம். வெறும் மண்ணில் தூவினால் இன்னும் நல்லது, அருகுக்குக் கெடுதல் இல்லை. அதற்கு மேல் ரைக்கு இங்கே வேலை இல்லை.

இன்னொன்று. மருமகள் ஜனவரியில் வரும்போது பெட்டியில் இரண்டு கிலோ கொண்டு வரட்டுமா என்று மாமா கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக் காப்பு ஆணைப்படி, அனுமதியும் நோய் இல்லை என்ற சான்றிதழும் இல்லாமல் வெளிநாட்டு விதையை நாட்டுக்குள் கொண்டு வரக் கூடாது. புல் விதைதானே என்று தோன்றும். ஆனால் ஒரு பிடி விதையோடு வந்துசேர்கிற களையையும் பூஞ்சையையும் பிறகு யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

அருகு விதை

சரி, ரை வேண்டாம், அருகு விதையையே மேலே தூவிப் புல்லை அடர்த்தி ஆக்கலாமே? இது முன்னதைவிட நல்ல யோசனை. ஆனால் ஐப்பசியில் வேண்டாம்.

அருகு விதை கசகசா அளவுதான் இருக்கும். 1,000 சதுர அடிக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ போதும். முளைக்கப் பத்து நாள் முதல் மூன்று வாரம் ஆகும். அவ்வளவு சின்ன விதை, அவ்வளவு நாள் மண்ணுக்கு மேலேயே கிடக்கும். நடுவில் ஒரு கனமழை பெய்தால் அத்தனையும் வாசல் வழியாகத் தெருவுக்குப் போய்விடும். அதனால் அருகு விதைக்குத் தை கடைசி அல்லது ஆடி முடிந்து வரும் வாரங்கள். விதையோடு நான்கு பங்கு காய்ந்த மணலைக் கலந்து, ஒரு தடவை கிழக்கு மேற்காக, ஒரு தடவை தெற்கு வடக்காகத் தூவினால் சமமாக விழும்.

ஒரு எச்சரிக்கை. உங்களிடம் இருப்பது நர்சரியில் செலக்ஷன் ஒன் என்று விற்கிற மெல்லிய அருகாக இருந்தால், விதை அருகை அதன் மேல் தூவாதீர்கள். இலை அகலமும் நிறமும் வேறு. பட்டுப் புடவையில் வேறு நூலால் தைத்த மாதிரி கடைசி வரைக்கும் தெரியும். டிஃப்ட்வார்ஃப் மாதிரி கலப்பினங்கள் விதையே வைக்காது, அவற்றைத் தண்டு வெட்டித்தான் பெருக்க வேண்டும். ஆக, மெல்லிய ரகம் வைத்திருப்பவர்களுக்கு அடுத்த வழிதான்.

நடவும் பூச்சும்

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. காசு செலவில்லை, வெளி மண் வீட்டுக்குள் வராது, கிடைப்பது உங்கள் சொந்தப் புல்.

நன்றாக இருக்கிற இடத்திலிருந்து அருகை வேரோடு பெயர்த்து, இரண்டு மூன்று கணு இருக்கிற மாதிரி துண்டு துண்டாக்கி, மொட்டையாக இருக்கும் இடத்தில் நான்கு விரற்கடைக்கு ஒன்றாக ஊன்ற வேண்டும். ஒரு கணுவாவது மண்ணுக்குள் போக வேண்டும், நுனி வெளியே தெரிய வேண்டும். அவ்வளவுதான். பெயர்த்த இடம் ஒரு மாதத்தில் தானாக மூடிக்கொள்ளும்.

பெரிய இடமாக இருந்தால் பூச்சு முறை. நம் தோட்டக்கலைப் பாடங்களிலேயே சொல்லிக் கொடுக்கிற முறைதான், ஆனால் செய்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். இரண்டு கூடை நறுக்கிய அருகு, ஒரு கூடை தோட்ட மண், ஒரு கூடை பச்சைச் சாணி, ஒரு மண்வெட்டி அடுப்புச் சாம்பல். தண்ணீர் விட்டு வாசல் மெழுகுகிற பதத்துக்குக் குழைத்து, நனைத்த தரையில் ஒரு அங்குலக் கனத்துக்குப் பூசிவிட வேண்டும். மேலே கொஞ்சம் வைக்கோல். நான் செய்தபோது ஒன்பதாம் நாள் காலையில் பார்த்தேன். காய்ந்து வெடித்த சாணிப் பூச்சின் விரிசல்களிலிருந்து, ஊசி முனை ஊசி முனையாகச் சிவந்த முளை. அருகின் இளம் முளை சில சமயம் செம்பு நிறத்தில்தான் வரும், பயந்துவிட வேண்டாம். மூன்றாம் வாரம் விரிசலே தெரியவில்லை.

இதையும் அடைமழைக்கு நடுவில் செய்யாதீர்கள். பூச்சு கரைந்துவிடும். ஊன்றுகிற நடவை மட்டும் புரட்டாசி முதல் பாதிக்குள் முடித்துவிட்டால், மழை பிடிக்கும் முன் வேர் விட்டுவிடும். அதைத் தவறவிட்டால் தை வரை பொறுங்கள்.

பெயர்த்தெடுத்து வேறு புல் வைக்கலாமா

பலரும் கடைசியில் இதற்குத்தான் போகிறார்கள். பழைய புல்லை எடுத்துவிட்டுக் கொரியன் புல் பாய் விரித்துவிட்டால் அன்றைக்கே பச்சை. நானும் ஒரு தடவை செய்தேன். நர்சரியிலிருந்து வந்த பாய் பார்க்கச் சுத்தமாக இருந்தது. இருபது நாளில் அதன் நடுவிலிருந்து கோரை நட்டுக்கொண்டு வந்தது. பாயின் அடி மண்ணில் கிழங்கு இருந்திருக்கிறது. கோரையைப் பிடுங்கப் பிடுங்கக் கிழங்கு உள்ளேயே நின்று மறுபடி தளிர்க்கும். இரண்டு வருஷம் அதோடு போராடினேன். அதனால் பாய் வாங்குவதாக இருந்தால் ஒரு பாயைத் திருப்பிப் போட்டு, மண்ணை விரலால் பிய்த்துப் பாருங்கள். கறுப்பாக, நிலக்கடலைப் பருப்பு அளவில் கிழங்கு ஒன்றே ஒன்று தட்டுப்பட்டாலும் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கொரியன் புல் நல்ல புல்தான். கடற்காற்றின் உப்பைத் தாங்கும், அடிக்கடி வெட்ட வேண்டியதில்லை. ஆனால் மெதுவாக வளரும். மழையில் ஒரு திட்டு அழுகினால் மூட மாதக்கணக்கில் ஆகும். வெட்டாமல் விட்டால் மேடு மேடாகப் பொங்கும், அடியில் காய்ந்த சருகு பஞ்சுபோல் சேர்ந்து தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கார்த்திகை மழையில் அது நல்லதில்லை.

எருமைப்புல் வேறு விஷயம். இலை அகலமாக, முரட்டுத்தனமாக இருக்கும், பலருக்குப் பிடிக்காது. ஆனால் மாமரத்தடி, மதில் நிழல் என்று அருகு எத்தனை தடவை நட்டாலும் வராத இடங்களில் இது வரும். அருகுக்கு நிழல் ஆகவே ஆகாது. நிழலில் அருகு மெலிவதைக் குளிர் என்று நினைத்து விதை தூவிக்கொண்டிருக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே இரண்டு இருக்கின்றன. அங்கே புல்லை மாற்றுங்கள், இல்லை கிளையைக் கழியுங்கள்.

பிளாஸ்டிக் புல்லைப் பற்றியும் கேட்கிறார்கள். சித்திரை மதியம் அதில் ஒரு தடவை வெறுங்காலோடு நடந்து பாருங்கள், பதில் கிடைத்துவிடும்.

மணலும் வடிகாலும்

இனி என் கட்சியைச் சொல்கிறேன். ஐப்பசிக்கு முன்னால் உங்களிடம் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு ஆளும்தான் இருக்கிறது என்றால், எந்த விதைக்கும் செலவழிக்காதீர்கள். தண்ணீர் வடிய வழி செய்யுங்கள்.

முதலில் ஒரு சோதனை. புல்தரையின் பள்ளமான இடத்தில் ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் தடவை ஊற்றியது சில மணி நேரத்தில் காணாமல் போனால் உங்கள் மண் நல்ல மண். மறுநாள் காலையிலும் நின்றால் மேலே எதைச் செய்தாலும் வீண். அங்கிருந்து மழைநீர்க் குழிக்கோ வெளி வாய்க்காலுக்கோ ஒரு அடி அகலத்தில் பள்ளம் எடுத்து, முக்கால் ஜல்லி போட்டு, மேலே மணல் மூடிப் புல்லைத் திரும்ப வைத்துவிட வேண்டும். சரிவு நூறு அடிக்கு ஒரு அடி இருந்தால் போதும், ஆனால் அந்த ஒரு அடி வீட்டை விட்டு விலகிப் போகிற பக்கமாக இருக்க வேண்டும்.

அடுத்தது துளை. ஆள் நடந்து நடந்து இறுகிய மண்ணில் அரை அடிக்கு ஒன்றாக, நான்கு அங்குல ஆழத்துக்குத் தோட்ட வேலைக்கான பெரிய முள் கரண்டியால் குத்தி லேசாக ஆட்டிவிட வேண்டும். மண்ணைக் குழாயாக வெளியே எடுக்கிற கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. வெறும் ஆணி குத்தினால் சுற்றி இருக்கிற மண் இன்னும் இறுகுமே தவிர இளகாது. அதனால் ஆணி வைத்த செருப்பெல்லாம் வேண்டாம். மண் புட்டு பதத்தில் இருக்கும்போது குத்த வேண்டும். சேறாக இருக்கும்போது தொடவே கூடாது.

துளை போட்ட அன்றே மணல். 800 சதுர அடிக்கு அரை சென்டிமீட்டர் கனம் என்றால் கிட்டத்தட்ட 13 கன அடி. பழைய சிமென்ட் சாக்கில் பதினோரு சாக்கு வரும். அதற்கு மேல் வேண்டாம். தூவி முடித்த பிறகும் புல்லின் நுனி தெரிய வேண்டும், இல்லையென்றால் புல்லுக்கும் மூச்சு முட்டும். தென்னந்துடைப்பத்தால் முன்னும் பின்னும் பெருக்கினால் மணல் துளைக்குள் தானாக இறங்கும். ஆற்று மணல் கிடைத்தால் கழுவியது வாங்குங்கள். எம் சாண்டில் தூள் அதிகம், அப்படியே போட்டால் சிமென்ட் மாதிரி இறுகும், சலித்துத் தூளைப் போக்கிப் போடலாம். கடற்கரை மணலை மட்டும் எடுக்காதீர்கள். உப்பு இருக்கிறது, எடுப்பதும் தப்பு.

உரம்? மழைக்கு முன் யூரியாவை அள்ளிப் போடுகிற வழக்கம் இருக்கிறது. பாதி மழையோடு போகும், மீதி இளசாகப் புல்லை வளர்த்துவிட்டுப் பூஞ்சைக்கும் புழுவுக்கும் விருந்து வைக்கும். புரட்டாசியில் 1,000 சதுர அடிக்கு அரைக் கிலோ பொட்டாஷ் மட்டும் போடுங்கள். யூரியாவை மழை ஓய்ந்ததும் அதே அரைக் கிலோ அளவில் போட்டுத் தண்ணீர் விடுங்கள். மார்கழி வெளுப்பு பத்து நாளில் போய்விடும். ரை விதை வாங்கவிருந்த பலருக்கு உண்மையில் தேவைப்பட்டது இந்த அரைக் கிலோ யூரியாதான்.

வெட்டும் உயரமும் முக்கியம். டல்லாஸில் விதை மண்ணைத் தொட வேண்டும் என்பதற்காகப் புல்லை மொட்டையடிக்கிறார்கள். இங்கே மழைக்கு முன்னால் அப்படிச் செய்தால் மேகமூட்டத்தில் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் பிடிக்க இலை இருக்காது. ஐப்பசி பிறந்ததும் மெஷினை ஒரு படி உயர்த்தி அருகை 4 சென்டிமீட்டரில் விடுங்கள். ஈரத்தில் வெட்டாதீர்கள்.

எந்த வீட்டுக்கு எது

லாஸ்பேட்டை, கோரிமேடு, ஆரோவில் பக்கம், கடலூரில் கேப்பர் மலை: செம்மண். காய்ந்தால் கல், நனைந்தால் மேலே ஒரு ஏடு கட்டிவிடும். இங்கே துளையும் மணலும்தான் பாதி வைத்தியம். மொட்டை இடத்துக்குத் தையில் நடவு.

பாகூர்ப் பக்கம் நெல் விளைகிற களிமண்ணில் வீடு கட்டியவர்களுக்கு மணலை மேலே தூவுவது போதாது. முதல் வேலை வடிகால். அந்த மண்ணில் கொஞ்சமாக மணலைக் கொத்திக் கலந்தால் செங்கல் சூளைக்கு மண் பிசைந்த கதை ஆகும். வடிகால் எடுக்க முடியாத இடம் என்றால் புல் பரப்பைக் குறைத்துவிட்டு, மேடாக இருக்கிற பாதியில் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படிச் செய்து பள்ளத்தில் கல்வாழை வைத்தார், இப்போது மழையில் அதுதான் அழகு.

கெடிலம், தென்பெண்ணைக் கரையோரம் இருப்பவர்களுக்குத் தண்ணீரைவிட அது விட்டுப் போகிற வண்டல்தான் பிரச்சினை. 2024 டிசம்பர் முதல் வாரம் சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்தபோது கடலூரில் பார்த்தோமே. அருகு ஓரிரு நாள் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும். ஆனால் இரண்டு விரல் கனத்துக்குச் சேறு மூடினால் பிழைக்காது. வெள்ளம் வடிந்ததும் சேறு காய்ந்து இறுகுவதற்குள் வாரி எடுத்துவிட வேண்டும். அந்த வாரம் வீட்டுக்குள் இருக்கிற சேற்றைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள், புல்லை யார் பார்ப்பது. முடிந்தால் ஒரு ஆளை அதற்கென்று விடுங்கள்.

மாமா வீடு மணல் பூமி. தண்ணீர் நிற்கவே நிற்காது. அங்கே பிரச்சினை நேர் எதிர். சத்து எதுவும் தங்காது, மார்கழியில் வெளுப்பதற்கு அதுதான் காரணம். அந்த மண்ணில் மேலும் மணல் தூவுவதில் அர்த்தம் இல்லை. மக்கிய சாணி எருவைச் சலித்து அரை சென்டிமீட்டர் தூவச் சொன்னேன். சர்க்கரை ஆலைக் கழிவு மக்கியது கிடைத்தால் அதுவும் நன்றாக இருக்கும், நெல்லிக்குப்பம் ஆலை பக்கத்தில்தானே இருக்கிறது. யூரியாவை ஒரே தடவையாகப் போடாமல் மார்கழியில் பாதி, தையில் பாதி.

சனிக்கிழமை மறுபடி போன் வந்தது.

"எரு பதினோரு மூட்டை சொல்லிட்டேம்மா. ஆனா புள்ள அனுப்புன வீடியோவுக்கு என்ன பதில் சொல்றது?"

"மார்கழி பாதியில கேட்டுக்குப் பக்கத்துல அந்தக் கோலம் போடுற இடத்தை ஒட்டி ஒரு பத்துக்குப் பத்து வெறும் மண்ணா கிடக்குதே மாமா, அங்க கால் கிலோ தூவுங்க. பொங்கலுக்கு அவன் வரும்போது பச்சையா இருக்கும். மாசியில காஞ்சதும் அந்த இடத்துல அருகு ஊன்றிடலாம். நான் வர்றப்ப ஒரு சாக்கு கொண்டு வரேன்."

சாக்கு என்றதும் நினைவு வந்தது. பெயர்த்த அருகை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் சாயங்காலமே வெந்துவிடும்.